முப்பது அடித் துண்டு

இன்று பீரோவைக் குடைந்தபோது, நாம் ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்ட அந்தத் துண்டில் என் பங்கு கையில் வந்தது. கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. நீ போய் இரண்டு வருடமாகிறது.

குமாரபாளையத்தில் உன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருந்த தறிப்பட்டறையில் நம் கருவிக்குச் சோதனை ஓட்டம். உன் சென்சார் குறுக்கே ஓடும் ஊடை இழைகளை எண்ண வேண்டும். நெய்ய வேண்டிய மீதி இழை ஒன்றுக்குக் கீழே போனதும் என் புரோகிராம் தறியை நிறுத்த வேண்டும். ஐந்தடியில் ஒரு துண்டு. ஓட்டிவிட்டு, முதலாளியிடம் கை வைக்க வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டு, பாலம் தாண்டி பவானியில் சாப்பிடப் போனோம். பஸ் கிடைத்துத் திரும்ப இரண்டு மணி நேரம்.

முதலாளி தறி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க அம்மிணி, இது ஆனைக்குத் தொவட்டறதுக்குங்களா?”

“நிறுத்தியிருக்கலாமேங்க!” என்றேன்.

“நீங்கதானுங்க கைய வெக்கக் கூடாதுன்னீங்க. அதான் மடிச்சுட்டே இருக்கறனுங்க.”

அளந்தால் முப்பது அடி. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு முகம் சுண்டிப்போய், “சென்சார் என்னுதுங்க. தப்பா எண்ணிருக்கும்” என்றாய். நான் தறியை உற்றுப் பார்ப்பதுபோல் நின்றேன்.

நான் ஊர் திரும்பிய சேலம் பஸ்ஸில் நீயும் கூடவே ஏறினாய், புது சென்சார் வாங்க. நான் மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். சங்ககிரி வருவதற்குள் தெரிந்துவிட்டது. உன் சென்சார் ஒரே ஒரு தடவை ஓர் இழையை இரண்டாக எண்ணியிருந்தது. மீதி, ஒன்றிலிருந்து மைனஸ் ஒன்றுக்குத் தாவிவிட்டது. அப்போதும் தறி நின்றிருக்க வேண்டும். மைனஸ் ஒன்று ஒன்றைவிடச் சிறியது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சி மொழியில் மைனஸ் வரக்கூடிய எண்ணை, மைனஸே அறியாத எண்ணோடு ஒப்பிட்டால் வில்லங்கம். புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை மஞ்சள் எழுத்தில் எச்சரித்தது. அதன் நச்சரிப்புத் தாங்காமல், மீதியையும் ‘அன்சைன்ட்’, அதாவது மைனஸ் அறியாத எண், என்று காஸ்ட் போட்டு மாற்றி அதன் வாயை அடைத்திருந்தேன். அதோடு மைனஸ் ஒன்று, 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 ஆகிவிட்டது. இன்னும் அத்தனை இழை பாக்கி என்று நம்பி அந்த அப்பாவித் தறி நெய்துகொண்டே இருந்தது.

நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாய்: “என்னாலதான் மானம் போச்சு. இந்த வேலையே எனக்கு ஆவாதாட்ட இருக்குது. உம்பட பக்கம் ஒண்ணுமில்லியே, புள்ள?”

“இல்லை” என்று லேப்டாப்பை மூடினேன்.

மறுநாள் காஸ்டை எடுத்துவிட்டு, ஒப்பிடும் எண்ணையும் மைனஸ் வரக்கூடியதாக மாற்றி, ‘சிறு திருத்தம்’ என்று குறித்து வைத்தேன். நீ புது சென்சார் மாட்டினாய். தறி ஐந்தடியில் சமர்த்தாக நின்றது. பழியெல்லாம் பழைய சென்சாரோடு போனது.

அதற்குப் பிறகு எந்த சென்சாரையும் ஆயிரம் இழை ஓட்டிப் பார்க்காமல் நீ மாட்டியதில்லை. எங்கள் சூரமங்கலம் வீட்டுக்கு வந்தால் காலிங் பெல்லைக்கூட நாலு தடவை அமுக்கி, நாலு தடவைதான் அடிக்கிறதா என்று எண்ணுவாய். எல்லோரும் கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஒரு மஞ்சள் எச்சரிக்கையையும் நான் விடுவதில்லை. என் கோடிங் ரொம்ப நேர்மையானது என்று ஆபீஸில் பெயர். அந்தப் பெயரையும் பஸ்ஸில் நீ கேட்ட கேள்வியையும் சேர்த்தே சுமக்கிறேன். மருத்துவமனையில் கடைசியாக உன்னைப் பார்த்த அன்றும் உண்மை வாய் வரைக்கும் வந்தது. நீ சிரித்த முகமாக இருந்தாய், விழுங்கிவிட்டேன்.

இருந்தது, புள்ள. என் பக்கம்தான் இருந்தது.