வாய் திறக்காத மட்டி

என்னங்க,

மறக்கவில்லை. வெந்தபின்னும் வாய் திறக்காத மட்டிச் சிப்பி முன்பே செத்தது, வயிற்றுக்கு ஆகாது, தூக்கிப்போடு என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனீர்கள். ஐந்து திறக்கவில்லை. நீங்கள் ஆசையாக வாங்கிவந்தவை. இன்னொருமுறை வேகவைக்கலாமென்று கிண்ணத்தில் ஒதுக்கிவைத்தேன்.

பாஸ்தாவை வடித்துவிட்டுத் திரும்பினால் நான்குதான் இருந்தன.

"தூங்கிட்டிருந்துச்சும்மா. கரண்டியால எழுப்பி தின்னுட்டேன்," என்கிறாள் நம் மகள்.

இப்போது சிரிக்கிறாள். வயிற்றைத் தொட்டால், "கூசுதும்மா, விடு!" என்கிறாள். எத்தனை முறை தொட்டேனோ. அவள் சிரிப்பு நிற்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

மூன்று முறை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அடுப்பை அணைத்து, அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டேன். இதை மேசைமேல் வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புகிறேன்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி