தொட்டி இன்னும் பழகவில்லை

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், உப்பு வாசம் போகவில்லை. கடலே இல்லாத இந்த ஊரில், ஆனையூர் வீட்டில், உங்கள் சட்டைக்கையில் எப்போதும் அடித்த அதே வாசம். வேறு யாரிடம் போய்ச் சொல்லி அழ? உங்களிடமே சொல்கிறேன். பூப்போல விரிந்து பாறையில் ஒட்டி வாழுமே அந்தக் கடல் பிராணி, உங்கள் கடல் சாமந்தி, அது செத்துக்கொண்டிருக்கிறது.

அதற்கான கண்ணாடித் தொட்டியை வாங்கிக் கூடத்தில் வைத்தபோது அதில் வெறும் கல்லும் உப்புக் கரைத்த தண்ணீரும்தான். மாதக்கணக்கில் மோட்டார் ஓடியது, விளக்கு எரிந்தது. "கல்லு குளிக்கிறதுக்கா இம்புட்டு கரண்டு?" என்று கேட்டேன். "தொட்டி இன்னும் பழகல. மீனு தாங்கும், சாமந்தி தாங்காது. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் முதல்ல அந்தத் தண்ணியில குடியேறணும். அவசரப்படாத" என்றீர்கள். கோமாளி மீன் வந்து வெகுநாள் வரை சாமந்தி வரவில்லை. நல்லதாக ஒன்று வந்திருக்கிறது என்று கடைக்காரர் கூப்பிட்டபோதும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்துத்தான் அது நம் வீட்டுக்கு வந்தது. பாறையில் கால் ஊன்றி அது விரிய, மீன் அதற்குள் புகுந்துகொண்டது. நம் கல்யாணத்தன்றுகூட நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் அதே 'அவசரப்படாத'தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொட்டி ஓரம் உட்கார்ந்தீர்கள், சட்டை நனைந்துவிட்டது. நான் ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினேன். "வெறும் வாயுதான், சாயங்காலம் பாப்போம்" என்று அதைத் திருப்பி அனுப்பினீர்கள். அந்தச் சாயங்காலத்தை நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

திருமங்கலத்திலிருந்து வந்த உங்கள் அம்மா என்னோடே தங்கிவிட்டார். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் தொட்டியில் தண்ணீர் குறைவதைப் பார்த்து வாளி வாளியாக ஊற்றியிருக்கிறார். "எம்புள்ள உப்புத் தண்ணித் தொட்டின்னுதான தாயி சொல்லுவான். அதான் நல்ல தண்ணி ஊத்தாம போர்த் தண்ணியப் பிடிச்சு ஊத்துனேன்" என்றார். நம் ஊரில் உப்புத் தண்ணி என்றால் போர்த் தண்ணிதானே. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும், அதன் மேல் போர்த் தண்ணியின் உப்பும் சேரக் கூடாது, அதனால் வடிகட்டிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்லியிராவிட்டால் எனக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? பிள்ளையின் தொட்டி வற்றிவிடக் கூடாது என்று ஊற்றியவரை என்ன சொல்லித் திட்ட?

சாமந்தி சுருங்கி, வாயைப் பிளந்துகொண்டது. உப்பு கரைத்துக் கரைத்துத் தண்ணீரை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. புதுத் தொட்டி ஒன்று வாங்கித் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கடைக்காரரைக் கேட்டேன். "புதுத் தொட்டியில போட்டா தாங்காதுக்கா. கொறஞ்சது ஆறு மாசமாவது ஓடணும்" என்றார். பழையதிலேயே விட்டால் என்றேன். "அதுலயும் தாங்காதுக்கா" என்றார்.

இன்று காலை அது பாறையை விட்டுவிட்டது. குப்பை போல மிதந்து மோட்டார் பக்கம் போனது. இரண்டு கையாலும் அள்ளினேன். அத்தை கிண்ணத்தை ஏந்தி நின்றார்.

"இது பொழைச்சுக்கிருமா தாயி?"

"தெரியலத்தே."

"அப்ப அவன் சொன்ன மாதிரி கொஞ்சம் பொறுத்துப் பாப்பமா?"

நான் அதைப் புதுத் தொட்டியில் இறக்கினேன். பின்னாலேயே மீனையும் விட்டேன்.

அது இன்னும் கால் ஊன்றவில்லை. கல்லோரமாகச் சாய்ந்து கிடக்கிறது, மீன் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நீங்கள் தொட்டு வளர்த்ததில் உயிரோடு மிச்சம் இருப்பது இவை இரண்டும்தான், இவையும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. தொட்டி பழகவில்லை என்பது எனக்கும் தெரியும். நீங்கள் இல்லாத இந்த வீடுகூட எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் அவசரப்படாதே என்று மட்டும் இனி என்னிடம் சொல்லாதீர்கள். திரும்பிப் போன அந்த ஆட்டோவின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.