துபாலே சொன்னதும் அய்னாலெம் சொன்னதும்

திக்கெம்த் 14

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு மாதம். துறைத் தலைவர் கெத்தாஹுன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "அய்னாலெம், இத்தனை வருஷமா சேத்துலயே கிடந்து உழைக்கிற. ஆனா மத்தவங்க ஆய்வுகள்ல உன் கட்டுரைகளுக்கு முந்நூறு மேற்கோள்கூட இல்லையேம்மா. முந்நூறு இல்லாம கமிட்டிக்காரங்க உன் ஃபைலைத் தொடவே மாட்டாங்க."

நூற்று எண்பதுதானாம். பற்றிக்கொண்டு வந்தது. வாழைக்கு உறவான என்செத் பயிரின் வாடல் நோயைப் பற்றி இந்த நாட்டில் என்னைவிட யார் எழுதிக் கிழித்துவிட்டார்கள்?

திக்கெம்த் 15

கிழித்தது யார் என்று தெரிந்துவிட்டது. துபாலே என்று ஒருவர். இலை வாடும் முன்பே கிருமியைக் காட்டிக்கொடுக்கும் மரபணுத் துண்டைக் கண்டுபிடித்தவராம்.

துபாலே என் அப்பா. ஹவாசாவில் கறிக்கடை வைத்திருக்கிறார்.

தப்பு என்னுடையதுதான். நமக்கெல்லாம் ஏது குடும்பப் பெயர்? என் பெயர், பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். முதல் கட்டுரைகளை அனுப்பியபோது 'குடும்பப் பெயர்' கட்டத்தில் என் பெயரைப் போட்டேன் — வேறு யார் பெயரைப் போடுவது? பிறகு பெல்ஜியத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது அங்கிருந்தவர்கள் அப்பா பெயரை அந்தக் கட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேற்கோள்களை எண்ணும் இணையதளத்துக்கு நாங்கள் இரண்டு ஆட்கள்.

உகாண்டாக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அய்னாலெம் தொடங்கிவைத்தார், ஆயினும் துபாலேயின் முறையே துல்லியமானது." அடப்பாவி! தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஹெதார் 3

இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி இணையதளத்துக்கு எழுது என்றார் கெத்தாஹுன். சேர்த்தால் முந்நூற்று எழுபது. குதித்தேன். அந்த மனிதருக்கு என் குதிப்பு பொறுக்கவில்லை. "இரு இரு. தன்னைத்தானே மேற்கோள் காட்டினா கமிட்டி கழிச்சிடும். துபாலே எத்தனை தடவை அய்னாலெமைக் காட்டியிருக்காரு?"

ஒவ்வொரு கட்டுரையிலும். முன்னோடிக்கு மரியாதை போல இருந்தது இத்தனை நாளும். சேர்த்துவிட்டால் சுயபுராணம்.

ஹெதார் 4

எவ்வளவு கழியும்?

ஹெதார் 19

கறி தொடாத கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கிவிட்டதால் கறிக்கடை மூடியிருக்கிறது. அப்பா முதல் தடவையாக என் ஆய்வகத்துக்கு வந்தார். இணையதளம் ஒரே ஒரு பெயரைத்தான் வைத்துக்கொள்ளுமாம். முக்கியமான கட்டுரைகள் அவர் பெயரில் இருப்பதால் அதையே வைக்கலாமா என்று கேட்கத்தான் வரச் சொன்னேன்.

"எம் பேரா? நான் மாடு வெட்டுறவன். நாளைக்கு நீ ஏதாச்சும் தப்பா எழுதுனா, துபாலே தப்புன்னுல்ல சொல்லுவானுங்க!"

திரையில் மேற்கோள்களை ஓடவிட்டேன். உகாண்டா, ருவாண்டா, காங்கோ, இந்தோனேசியா. பக்கம் பக்கமாக துபாலே, துபாலே, துபாலே. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவங்கல்லாம் யாரு? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"ஒருத்தரையும் தெரியாதுப்பா."

"தெரியாதவங்க எம் பேரை எதுக்கு எழுதுறாங்க?"

"அவங்க ஊர்லயும் வாழை வாடுது. நாம சொன்னபடி செஞ்சா முன்கூட்டியே தெரிஞ்சுடுது."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எங்கப்பன் பேரை வரி ரசீதுல தவிர யாரும் எழுதுனதில்ல," என்றார். போகும்போது, "வச்சுக்கோ. ஆனா ஒழுங்கா எழுது," என்றார்.

ஹெதார் 20

அப்பா கேட்டது குடைந்துகொண்டே இருக்கிறது. இவர்கள் யார்? எண்ணிக்கையைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர ஆட்களைப் பார்த்ததில்லை. இன்று ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன்.

கிழக்கு காங்கோவில் ஒரு குழு. என் முறையில் தோட்டம் தோட்டமாகச் சோதித்திருக்கிறார்கள். அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில்: "சண்டை காரணமாக மூன்று தோட்டங்களுக்கு மறுபடி போக முடியவில்லை." குண்டு விழும் இடத்தில் யாரோ ஒருத்தி இலையைக் கிள்ளிப் பையில் போட்டிருக்கிறாள், நான் எழுதியதை நம்பி! உடம்பெல்லாம் புல்லரித்தது. இதையா நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்?

தாஹ்சாஸ் 8

சேர்த்துவிட்டார்கள். கழித்தது போக முந்நூற்றுப் பதினொன்று. எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் தந்தது. கடவுளே!

தாஹ்சாஸ் 10

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. கெத்தாஹுன், "உங்கப்பாவுக்கும் ஒரு நாற்காலி போடணுமே," என்றார். போடட்டுமே.

கின்போத் 7

ஐந்து மாதம் காத்திருந்த முடிவு காலையில் வந்தது. நேரே கறிக்கடைக்குப் போனேன். ஒரே கூட்டம். எல்லோரிடமும் அப்பா பீற்றிக்கொண்டிருந்திருக்கிறார் போல. வரிசையில் நின்ற ஒருவர், "துபாலே, உலகமே உன்னைப் படிக்குதாமே! ப்ரொபசர், எனக்கு எலும்பில்லாமப் போடுங்க," என்று கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் முகத்தைப் பார்த்ததுமே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தார். கையை அங்கியில் துடைத்துக்கொண்டார்.

"தள்ளி நில்லுங்கய்யா, வழி விடுங்க," என்றார். "ப்ரொபசர் அய்னாலெம் வந்திருக்காங்க."