நிறுத்தச் சொன்னவன்

6-7-36, திங்கள்
முதல் வருஷத்தார் எட்டுப் பேர். கடைசல் யந்திரம் நாலு. எஞ்சின் ஒன்று, அதுவும் கிழம். ஒரு தரம் நின்றால் மறுபடி சூடேற்றிக் கிளப்பக் கால் மணி நேரம். ஒருவனுக்காக நிறுத்தினால் நாலு யந்திரமும் நிற்கும்.
சூப்பரின்டென்ட் எல்லாரையும் நிற்கவைத்துத் தொழிற்பள்ளி விதிகளை வாசித்தார். மாணவனும் ஆசிரியரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஏழாவது விதி: ஆபத்து என்று தோன்றினால் மாணவன் எஞ்சினை நிறுத்தச் சொல்லலாம், ஆசிரியர் நிறுத்தியாக வேண்டும். ஆசிரியன் என்று நானும் போட்டேன். இதை எழுதியவர் ஒரு நாளாவது பட்டறையில் நின்றிருப்பாரா?

14-7-36
எஞ்சின் வேகத்தில் யந்திரத்தைச் சுழற்றி ஓடுகிற பெல்ட்டை உள்ளங்கையால் தள்ளி வேறு சக்கரத்துக்கு மாற்றிக் காட்டினேன். சென்னைப் பட்டறையில் மூன்றே நாளில் எனக்கு வந்த வித்தை. முத்திருளன் கீழக்குயில்குடிக்காரன், வாய் சும்மா இராது. "எஞ்சினை நிறுத்திட்டுத்தான் மாத்தணும்னு விதியில இருக்கே சார்?"
"விதியைத் தின்னு வயிறு நிரம்புமாடா?"
எல்லாரும் சிரித்தார்கள். சிஹாபுதீன் மட்டும் சிரிக்கவில்லை. பத்தொன்பது வயசு, எட்டுப் பேரில் கைவேலை சுத்தமானவன். ஆனால் நிதானம். நிதானம் எனக்கு ஆகாது.

23-7-36
சிஹாபுதீனுக்கு வலக்கையில் மூன்று விரல் போய்விட்டது.

24-7-36
எழுதித்தான் ஆகணும்.
பெல்ட்டின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்த கம்பி பிரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன்தான் பார்த்தான். "சார், கம்பி விட்டிருக்கு. எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க, மாத்திக்கிறேன்."
நான் என்ன சொன்னேன்? "மத்த மூணு மிசின் ஓடுறது கண்ணுல படலையா? தள்ளுடா!"
தள்ளினான். அம்புட்டுத்தான்.
பெரியாஸ்பத்திரி வரை ஜட்காவில் அவன் தலை என் மடியில். வழியெல்லாம் ஒரே கேள்வி: "எஞ்சினை நிறுத்திட்டாங்களா சார்? நிறுத்திட்டாங்களா?"

30-7-36
விசாரணை. அவன் நிறுத்தச் சொன்னானா என்பதுதான் கேள்வி.
"சொன்னான்," என்றான் முத்திருளன். "பக்கத்து மிசின்ல நின்ன எனக்கே கேட்டுச்சு. எதிர்ல நின்ன சாருக்குக் கேக்காமலா போயிரும்?"
என் பக்கம் திரும்பினார்கள். "எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை" என்றேன்.
எவ்வளவு சுளுவாக வந்தது! யோசிக்கக்கூட இல்லை.

3-8-36
முடிவு வந்துவிட்டது. ஓடும் பெல்ட்டில் கை வைத்து விதியை மீறியதற்காகச் சிஹாபுதீன் பெயர் நீக்கம். சர்டிபிகேட் கிடையாது. ஆசிரியர் மேல் பொய் சொன்னதற்காக முத்திருளனும் நீக்கம். எனக்கு ஒன்றும் இல்லை.
வாசலில் முத்திருளன் என்னைத் தாண்டிப் போனான். திட்டுவான் என்று நினைத்தேன். "வாரேன் சார்" என்றான்.

9-8-36, ஞாயிறு
சிஹாபுதீன் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார் மைதீன் பீவி கதவோரம் நின்று, "எம் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுன மகராசன் நீங்கதானாய்யா? உங்களுக்குத் துஆ கேக்காத நாளில்லை" என்றார். தேத்தண்ணீர் வந்தது. எப்படிக் குடித்தேனோ.
அவர் உள்ளே போனதும், "ஏன்டா அம்மாகிட்டச் சொல்லல?" என்றேன்.
"அத்தா இல்லாத வீடு சார். அல்லா விதிச்சதுன்னா அழுதுட்டு விட்டுரும். ஒரு ஆளு செஞ்சதுன்னு தெரிஞ்சா ஆறவே ஆறாது."
கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல சார்?"
"கேட்டுச்சு."
"போதும்."
எப்படிடா போதும்?

10-8-36
எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் சொன்னது, நான் நிறுத்த மறுத்தது, விசாரணையில் பொய் சொன்னது, எல்லாம். சூப்பரின்டென்ட் படித்துவிட்டு, "வேலை போய்விடுமே, ஐயா" என்றார். போகட்டும் என்றேன்.

27-8-36
வேலை போகவில்லை. கடைசல் சொல்லித்தர வேறு ஆள் அகப்படவில்லையாம். கண்டனத்தோடு விட்டுவிட்டார்கள். இரண்டு பேரின் பெயரையும் திரும்பச் சேர்த்தாயிற்று. சிஹாபுதீன் வரமாட்டான், மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்துவிட்டான். நேரில் போய்க் கூப்பிட்டேன். "துணி மடிக்க இடது கையும் பழகிருச்சு சார்" என்றான்.

31-8-36, திங்கள்
முத்திருளன் வந்தான். வணக்கம் சொன்னான், மரியாதைக்குக் குறைவில்லை. இரும்புக் கம்பி ஒன்றைக் கடையச் சொன்னேன். நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.
"என்ன செய்யணும்னு இதுல எழுதிக் குடுத்துருங்க சார். செய்யுறேன்."
சுர்ரென்று வந்தது. என் வார்த்தை போதாதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தேன்.
அவன் விலகினான். பின்னால் மற்ற ஆறு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள், ஆளுக்கொரு தாளோடு.