போனை வைத்தது நானில்லை

அன்புள்ள வாலு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, மற்றபடி எல்லா பாகமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, போனை எடுத்தால்தானே கேட்க முடியும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. சொல்ல வேண்டியதைப் போனில் ஒரு முறை சொல்லிவிட்டேன், அது உன் காதுக்கு வந்து சேரவேயில்லை. காகிதம் என்றால் பாதியில் நின்று தொலைக்காது.

முதலில் என் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ, அப்பா நான் திரும்பி வரலப்பா, இங்கயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன், வீடுகூடப் பார்த்தாச்சு என்று சொன்னாயே, அதைக் கேட்டு நான் ஒரு வார்த்தை பேசாமல் உன்னை முறைத்துக்கொண்டே இருந்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அன்றிலிருந்து பதினெட்டு நாளாக நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, வேலையா இருக்கேன்பா என்று ஒரு வரி, கூடவே ஒரு கட்டைவிரல் படம். அந்தக் கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னால், உங்க வாயால நீங்களே சொல்லுங்க என்கிறாள். வாலு, போனை வைத்தது நானில்லை. நான் முறைக்கவும் இல்லை. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதை மேசையெல்லாம் தேடிக் கிடைக்காமல், கண்ணை இடுக்கி உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்துப் படம் நின்று, பிறகு லைனும் தானாகவே அறுந்துபோயிருக்கிறது.

ஒரு மாதமாகவே எங்கள் போனுக்கு இந்த வியாதி. மேலே விசிறி மாதிரி ஒரு குறி இருக்குமே, அது இருக்கும், திடீரென்று காணாமல் போகும், பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து உட்காரும். நான் முப்பத்தோரு வருஷமாக பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன், இன்னொருத்தனிடம் ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு போனதில்லை என்று உனக்கே தெரியும். அணைத்துப் போட்டேன். வீட்டு வைஃபை பெயரை அழித்துவிட்டு பாஸ்வேர்டை மறுபடியும் அடித்தேன், அதையும் தப்பாக அடித்து மாடி வீட்டு டீச்சரைக் கூப்பிட வேண்டியதாயிற்று, அந்த அம்மாள் வந்து, சார் பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு ஒண்ணு இருக்கு சார் என்று வகுப்பெடுத்துவிட்டுப் போனார்கள். நீ கோபித்துக்கொண்ட பிறகு கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு செல்போன் கடைக்கே போனேன். கடைக்காரம்மா அதற்குள் இருந்த பழைய அமைப்பையெல்லாம் துடைத்து, புது அப்டேட் போட்டு, தன் கடை வைஃபையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட விசிறி மறையவில்லை. போன் தங்கமா இருக்கு அண்ணே, நீங்க வீட்ல அதை என்ன பண்றீங்க என்று என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, விசிறி போயே போச்சு.

அன்று மத்தியானம் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரம் ஓடுகிறது, நிற்கிறது, இளைப்பாறுகிறது, மறுபடி ஓடுகிறது. இதை நான் ஆயிரம் வீட்டில் பார்த்திருக்கிறேனே என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சூடேறி நிற்கிற பிரிட்ஜ் இப்படித்தான் செய்யும். எழுந்து போய் ஷோகேஸைத் திறந்து வைஃபை பெட்டியின் மேல் கை வைத்தேன், இஸ்திரிப் பெட்டி தோற்றது. ஏன் என்று கேள். உன் அம்மா தையல் மெஷினை எண்ணெய் போட்டு ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து இந்த வீட்டில் உறை இல்லாமல் நிற்பது நான் ஒருவன்தான். மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, தண்ணீர்க் கேனுக்குப் பாவாடை. வைஃபை பெட்டிக்குப் பழைய ரஜாயை வெட்டிப் பஞ்சு வைத்து, ஓரத்தில் சுருக்கு வைத்து, ஒரு தூசி உள்ளே போகக் கூடாது என்று நாடாவும் போட்டு, கண்ணாடிக் கதவுக்குள் தூக்கி வைத்துவிட்டாள். ரஜாய் போர்த்திப் படுத்தால் யாருக்குத்தான் வேர்க்காது. மாட்டிக்கொண்டாயா என்று வெற்றியோடு உறையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், அளவு சொன்னது யாரு, துணியைப் பிடிச்சது யாரு, நாடாவை இறுக்கிக் கட்டுனது யாரு என்று மூன்றே கேள்வி கேட்டாள். மூன்றுக்கும் பதில் நான்தான். வீடு வீடாகப் போய் சூடு வெளியேற இடம் விடுங்கள் என்று உபதேசம் செய்கிறவன், அசடு வழிய நின்றேன். இப்போது அந்தப் பெட்டி ஜன்னலோரம் ஆணியில் காற்றாடத் தொங்குகிறது, நாள் முழுக்கப் போட்டுப் பார்த்தாயிற்று, விசிறி அசையவில்லை. உன் அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை, வெறும் உடம்போட நிக்கிற மாதிரி இருக்கு, யாராச்சும் வந்தா என்ன நினைப்பாங்க என்கிறாள்.

இனி நான் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ சொன்னதைக் கேட்டு நான் பேசாமல் இல்லை, நிறையவே பேசினேன். மூணு வருஷம்னுதானே சொல்லிட்டுப் போனே, ஆறு ஆச்சு, பெத்தவங்க வாசலையே பார்த்துட்டுக் கிடக்கட்டும்னு நினைச்சுட்டியா என்றுதான் ஆரம்பித்தேன். அதற்கு மேல் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. அதை விழுங்கிக்கொண்டதற்காக நான் நெட்டுக்குக் கடன்பட்டிருக்கிறேன். திரையில் ஏதோ எழுத்து வந்து நின்றது, கண்ணாடி இல்லாமல் எனக்கு அது எறும்பு வரிசை. நீ பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாய்க்கு வாய் பேசுகிறவள் இப்படி இமைக்காமல் இருக்கிறாளே, என் பெண் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாளா என்று தோன்றியது. அங்கேதான் என் சத்தம் இறங்கியது. பிறகு வேறு மாதிரிப் பேசினேன். போன புதிதில் நீ கட்டிலை விட்டு நகராமல், கோட்டைக்கூடக் கழற்றாமல், இன்னிக்கு என்ன சமையல் என்று கேட்டு மூக்கை உறிஞ்சுவாய். இப்போதெல்லாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசுகிறாய், ஜன்னல் வழியாக யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கிறாய். அதைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும், நீ வரப்போவதில்லை என்று. தெரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் இத்தனை நாள். நானும் ஆறு மாசம் என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டு ஊரை விட்டு இங்கே வந்தவன்தான். இரும்மா, அங்கேயே இரு, சந்தோஷமா இரு என்று சொல்லிவிட்டு, உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். உன் அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அவ கண்ணே சிமிட்டலையே, அது வெறும் படம்ங்க என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் அம்மா இரண்டு நாள் தையல் மெஷினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், அந்த வீட்ல ஜன்னல் எத்தனை, நீளம் எவ்வளவுன்னு கேட்டு எழுதுங்க என்றாள். திரைச்சீலை மட்டும் என்றால் சரி என்று சொல், வேறு எதற்கும் அளவு கொடுத்துவிடாதே. புது வீட்டில் பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, பின்னால் ஒரு சாண் இடம் விடு. குளிர் நேரத்தில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே.

வீட்டுக்குள் முதலில் வலது காலோ இடது காலோ, சிரித்த முகமாக நுழை, அது போதும். அங்கே உனக்கு எந்தக் குறையும் வராமல் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், இது எங்கள் இரண்டு பேருடைய மனப்பூர்வமான ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். என் வேலை நோட்டில் வீடு மாறிக்கொண்டே இருக்கிறவர்களின் முகவரியைப் பென்சிலால்தான் எழுதுவேன், அழிக்க வசதியாக இருக்கும். உன் முகவரியையும் ஆறு வருஷமாகப் பென்சிலில்தான் வைத்திருந்தேன், எப்படியும் வந்துவிடுவாய் என்று. புது வீட்டு முகவரியைக் கதவு எண்ணோடு முழுசாக எழுதி அனுப்பு. பேனாவில் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உன் அன்பு அப்பா