எட்டாவது துளை

மாப்ள,

இன்று காலை பையின் இடது வாரை இறுக்கப் போனேன். பக்கிள் முள்ளுக்கு இடமில்லை. நீ போட்டுத் தந்த ஏழு துளைகளும் தீர்ந்துவிட்டன. அதனால்தான் இந்தக் கடிதம். மற்றபடி செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. உனக்கே தெரியும்.

பை நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு வருடத்தில் மூன்று லேப்டாப் மாற்றிவிட்டேன், ஒரு தையல் பிரியவில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் "எங்க சார் வாங்குனீங்க?" என்று கேட்கிறார்கள். உடனே கழற்றிக் காட்ட ஆரம்பித்துவிடுவேன். இரண்டு வாரையும் முதுகில் மாட்டினால் மோட்டார் பைக்கில் போகலாம். இரண்டையும் ஒன்றாகக் கோத்தால் ஒற்றைத் தோளில் தொங்கும். கழற்றி உள்ளே செருகிவிட்டால் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரி மாதிரி நடக்கலாம். மூன்று பையின் வேலையை ஒரு பைக்குள் யோசித்தவன் நீ. கம்ப்யூட்டரில் வரைந்தது மட்டும்தான் நான்.

மதுரையில் லேப்டாப் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்றிருந்த காலம் அது. பாலிடெக்னிக்கில் என் பக்கத்து பெஞ்சுக்காரன் நீ, லேத் வேலையை விட்டுவிட்டு "பை தைக்கப் போறேன்டா" என்று வந்து நின்றாய். உன் வீட்டில் தைக்க முடியாது. உன் அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர். வீடு முழுக்கச் சேலை. "தோல் வாடை சேலையில ஏறுனா யாருடா கட்டுவா?" என்று சொல்லிவிட்டார். அதனால் என் வீட்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகைதான் உன் பட்டறை. சாயங்காலம் வீடு திரும்பினால் வாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்ட பிறகே உன்னை உள்ளே விடுவார். வீட்டில் ஒரு வருடம் தவணை கேட்டிருந்தாய். அதற்குள் தொழில் நிற்காவிட்டால் மாமாவின் நூல் கடையில் உட்கார வேண்டும்.

பத்தாவது மாதத்தில்தான் முதல் ஆர்டர் வந்தது. ஒரு சாப்ட்வேர் அலுவலகத்துக்கு எட்டுப் பைகள். அதை நான் கெடுத்தேன்.

நீ பக்கிள் வாங்கப் போயிருந்த நாள். துண்டு வீணாகாமல் தோல் முழுவதையும் நிரப்பி நான் வரைந்து வைத்திருந்தேன். நீ வரும்வரை பொறுக்க முடியாமல் வார்களை வெட்டிவிட்டேன். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முதுகுத் தோல், ஒன்று வயிற்றுத் தோல். இரும்புத் தகட்டை எந்த மூலையில் வெட்டினாலும் ஒன்றுதானே என்கிற படிப்பு எனக்கு. மாட்டின் வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும் என்பது அதில் இல்லை. இரண்டு அடுக்காகத் தைத்து மெழுகு தேய்த்த பிறகு உனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் உனக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பையையும் அலங்காநல்லூர் பஸ்ஸில் ஏற்றாமல் கொடுக்க மாட்டாய். உள்ளே துண்டில் சுற்றிய செங்கல். கூட்டத்தில் நின்றபடியே போய், நின்றபடியே திரும்ப வேண்டும். கண்டக்டர் கூடக் கேட்டார்: "ஏப்பா, தெனமும் ஒரு கல்லா கொண்டுபோறியே, வீடு எப்ப முடியும்?"

"ஒங்களுக்குச் சொல்லாமயாண்ணே பால் காய்ச்சுவேன்?" என்றாய்.

அந்த எட்டில் ஒன்றை மாட்டிப் போய்வந்த அன்று, இறங்கியதும் சிரிப்பு இல்லை. "இடது பக்கம் எறங்குதுடா. இந்த வார எங்கிட்டு வெட்டுன?"

சொன்னேன். கூடவே, "ஆறு மாசத்துக்கு எவனும் கண்டுபிடிக்க மாட்டான் மாப்ள. குடுத்துரு" என்றேன்.

"ஆறு மாசங்கழிச்சு எட்டுப் பேரு தோளும் கோணுமேடா, கிறுக்கா."

எஸ்டிடி பூத்துக்குப் போனாய். கண்ணாடிக்கு வெளியே நான் நின்றேன். உன் ஒரு வருடம் அந்தப் போனில் இருந்தது. நீ பேசியது இன்னும் கேட்கிறது: "வார தப்பா வெட்டிட்டேன் சார். பத்து நாள் குடுங்க." 'வெட்டிட்டேன்' என்றாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு நெடுநேரம் ரிசீவரைக் காதில் வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாய். வெளியே வந்து, "ஏழு நாள்தான். வா, பிரிப்போம்" என்றாய். ஏழாம் நாள் கொடுத்தோம். நூல் கடைக்கு நீ போகவேயில்லை.

எனக்கு இவ்வளவு நேர்மை வராது. வேறொருவனிடம் பார்த்ததும் இல்லை.

வெட்டி எறிந்த வார்களில் ஒன்றை எடுத்து, மீந்த தோலில் எனக்கொரு பை தைத்தாய். வலது நல்ல வார், இடது நான் வெட்டிய வயிற்றுத் தோல். அதில் ஏழு துளை. "வருசத்துக்கு ஒண்ணு இறுக்கிக்க. ஏழு வருசத்துல ஒனக்கு நிதானம் வந்துரும்."

வரவில்லை. துளைதான் தீர்ந்தது. அதற்குள் நீயும் போன ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

துளை போடும் பஞ்ச் கேட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் கருவிப் பெட்டியைக் காரியம் முடிந்ததும் உன் அம்மாதான் கேட்டு வாங்கிக்கொண்டார். சேலைகள் அடுக்கிய அலமாரியிலேயே இருந்தது. அறையில் தோல் வாடை.

பையை மாட்டியிருப்பவன் துளைக்குத் தானே குறி வைக்க முடியாது, குனிந்தால் அளவு மாறிவிடும். அந்த வேலையை எப்போதும் நீதான் செய்வாய். தயங்கித் தயங்கி, "அம்மா, கொஞ்சம் குறி வைக்கணும்" என்றேன்.

பின்னால் வந்து நின்றார். "ஆடாம நில்லுய்யா. ஒரு எடத்துல நிக்க மாட்டான்னு அவன் சொன்னது சரிதான்." முடிச்சுப் போடுவதற்காக வளர்த்த நகத்தை வாரில் அழுத்தினார். கை சற்று நேரம் அங்கேயே இருந்தது.

"இன்னும் எத்தன போடணும்?"

"வருசத்துக்கு ஒண்ணும்மா."

"அப்ப வருசா வருசம் வா."

நகத் தடத்தின் மேல் பஞ்சை வைத்து அடித்தேன். கையோடு கையாக இன்னும் ஏழு துளை அடித்திருக்கலாம், வேலை முடிந்திருக்கும். ஒன்றுதான் அடித்தேன், மாப்ள.