வெனிலின் தூவிய காலை

பேத்தியின் பிறந்தநாளுக்கு ராயபுரம் பேக்கரியில் கேக் வாங்கி வந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் வெனிலா வாசனை வீடு முழுக்கப் பரவியது. நான் எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். உன்னை நினைத்தால் இப்போதெல்லாம் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. பாதி உன்மேல், பாதி என்மேல்.

மணலியில், கேக்குக்கு வெனிலா வாசனை தருகிற வெனிலின் பொடி செய்யும் கம்பெனியில் நாம் இருவரும் பை கட்டச் சேர்ந்தோமே, அந்த முதல் நாள். பைமேல் ஆர்க்கிட் பூவின் படம் போட்டிருந்தது. அந்தக் கொடியின் காயில் தானாக ஊறுகிற பொருளாம் அது. நம் கம்பெனியில் அது பின்கட்டுப் பீப்பாய்களில் இருந்த ரசாயனத்திலிருந்து வந்தது. நீ விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாய்.

"இன்னாடி இது, மோந்தா கேக்கு மாறி கீது, துன்னா கசக்குது."

பீப்பாய் நெடி தெரு வரைக்கும் போனது. உனக்கு இளைப்பு ஆரம்பித்தது. தெருக்காரர்கள் மனுக் கொடுத்து, அதிகாரி பார்க்க வந்த அன்று காலையில், மேலாளர் இரண்டு மூட்டைப் பொடியை அவிழ்த்து வாசலெல்லாம் தூவச் சொன்னார். நாம்தான் தூவினோம், கோலமாவு மாதிரி.

அதிகாரி மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். "பேக்கரி மாதிரி மணக்குது. இதையா நாத்தம்னு எழுதிக் கொடுத்தாங்க?" என்று சிரித்தார். நீ இருமிக்கொண்டே அவரிடம் சொல்ல ஓர் அடி எடுத்து வைத்தாய். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"கம்னு இரு. வேல பூட்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

நீ கம்மென்று இருந்துவிட்டாய். எனக்காகத்தான். என் பேச்சை அவ்வளவு கேட்கச் சொல்லி உன்னிடம் யார் அழுதது? கடைசியில் தண்ணீர் கேட்கக்கூட உனக்கு மூச்சு போதவில்லை. மூலக்கொத்தளம் இடுகாட்டில் உன்மேல் மண் போட்டபோதும் என் விரலிடுக்கில் அந்த வாசனை இருந்தது.

போன வாரம் உன் மகன் வந்தான். கம்பெனிமேல் கேஸ் போட வக்கீலைப் பார்க்கப் போகிறானாம். "ஆன்ட்டி, அம்மா கூட நீங்கதான வேல பாத்தீங்க. அங்க எதுனா கெட்ட நாத்தம் வந்துச்சா?" என்று கேட்டான்.

வந்தது என்று சொன்னால், தூவியதையும் சொல்ல வேண்டும். உன்னை இழுத்ததையும் சொல்ல வேண்டும்.

"இல்லப்பா, நல்ல வாசனதான்" என்றேன்.

அவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனான். உன் பிள்ளை அல்லவா, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். உன் முந்தானையைப் பிடித்த கை இன்னும் விடவில்லை.